தேயிலைக்காட்டுக்குள் ஒரு கோடு

மலை சைக்கிள் ஓட்ட ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது, எந்த சைக்கிள் வாங்கலாம் என்று. சில மாதம் போனதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "அண்ணா, போன வாரம் போனீங்களே, அந்த ட்ராக்கைக் கொஞ்சம் அனுப்புங்களேன்." முதல் கேள்விக்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு அப்படி முடியாது. ட்ராக் என்பது, ஓட்டிய வழியை ஜி.பி.எஸ். கருவி புள்ளி புள்ளியாகப் பதிந்து வைத்த கோடு. கேட்கிறவர் அந்த ஃபைலைத் தன் கருவியில் ஏற்றிக்கொண்டு, நான் கூட இல்லாத ஒரு நாளில், மூடுபனி இறங்கிப் பத்தடி தள்ளி என்ன இருக்கிறது என்று தெரியாத நேரத்தில், அந்தக் கோட்டை நம்பி ஒரு சரிவில் இறங்கப் போகிறார். அதனால் பாதையைப் பதிவு செய்வதை நான் என் நினைவுக்காகச் செய்கிற வேலையாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்து வருகிறவருக்காகச் செய்கிறேன். எப்படிப் பதிகிறேன், பதிந்ததில் எதை வெட்டுகிறேன், எதை யார் கேட்டாலும் தருவதில்லை என்பதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

நான் ஓட்டுவது பெரும்பாலும் கோத்தகிரியைச் சுற்றி. மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக ஏறினால் சுமார் 33 கிலோமீட்டர். முன்னூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில் கிளம்பி 1,800 மீட்டர் வாக்கில் வந்து சேரலாம். அந்தத் தார் ரோட்டுக்குப் பதிவுக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஊர் வந்து, தாரை விட்டு மண்ணில் சக்கரம் இறங்கிய பிறகுதான் வேலை ஆரம்பம்.

தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இலை ஏற்றும் டிராக்டர் வருகிற மண் ரோடு ஒன்று மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். அதிலிருந்து, இடுப்பு உயரச் செடிகளுக்கு நடுவே, முதுகில் இலைச் சுமையோடு ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு ஒற்றையடிப் பாதைகள் பிரியும். ஒன்று இலையை எடை போடுகிற கொட்டகைக்குப் போகும், ஒன்று தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு, ஒன்று ஓடைக்கு. இன்னும் சில, செடி வரிசை முடிகிற இடத்தில் தாமும் முடிந்துவிடும். பிரியும் இடத்தில் நின்று பார்த்தால் எது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. கவாத்து வெட்டிய வருஷம் பளிச்சென்று தெரிகிற பாதை, செடி தழைத்த பிறகு மேலிருந்து பார்த்தால் காணாமல் போயிருக்கும். போனில் இருக்கிற மேப்பைத் திறந்தால் அந்த இடம் முழுக்க ஒரே பச்சை.

பழைய சர்வே வரைபடங்களில் ஒற்றையடிப் பாதைகள் புள்ளிக்கோடுகளாக இருக்கும். ஆசையோடு அவற்றை எடுத்து நம் ட்ராக்கின் மேல் வைத்துப் பார்க்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி முதல் அளவுக்கோட்டை அளந்து தொடங்கிய அந்தப் பெரிய சர்வேயின் வழியில் வந்த வரைபடங்கள், எவரெஸ்ட் பெயரிலான நீள்கோளத்தை, அதாவது பூமியின் வடிவத்துக்குக் கணிதப்படி வரைந்த ஒரு மாதிரியை, அடிப்படையாக வைத்துப் போடப்பட்டவை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது வேறு நீள்கோளம். மாற்றாமல் அப்படியே ஒட்டினால் பாதை நூறு, இருநூறு மீட்டர் நகர்ந்து உட்காரும். நீலகிரியில் இருநூறு மீட்டர் என்பது அடுத்த பள்ளத்தாக்காகவே இருக்கலாம்.

பாதை பதிகிற வேலையைச் சாதாரண ஆட்கள் செய்ய முடிகிறது என்பதே 2000 மே மாதத்துக்குப் பிறகு வந்த வசதி. அதுவரை அமெரிக்க ராணுவம், பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை இடம் தப்பும். கிளிண்டன் உத்தரவின்பேரில் அதை நிறுத்திய பிறகு பிழை சட்டென்று இறங்கியது. இன்றைக்குத் திறந்த வானத்தின் கீழ் ஒரு ஸ்மார்ட்போன் சுமார் 4.9 மீட்டருக்குள் இடம் சொல்லும் என்பது அமெரிக்க அரசே கொடுக்கிற கணக்கு.

ஆனால் திறந்த வானம்தான் எங்களுக்குக் கிடைக்காத பொருள். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சாட்டிலைட்டிலிருந்து சிக்னல் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத்தான் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் பிசகும். குறைந்தது நான்கு சாட்டிலைட்டாவது கண்ணில் பட வேண்டும், அதுவும் வானத்தில் நன்றாக விலகி நின்றால்தான் கணக்கு சரியாக வரும். மலைச்சரிவை ஒட்டிப் போகும்போது பாதி வானத்தை மலையே மறைத்துவிடும். மிச்சப் பாதியிலிருந்து வருகிற சிக்னலில் சில நேராக வராமல் எதிர்ப்பாறையில் மோதித் திரும்பி வரும். கூடுதலாக நடந்த அந்தத் தூரத்தையும் கருவி நம்பிவிடும்.

கட்டபெட்டுப் பக்கம் சைப்ரஸ் தோப்புக்குள் போகிற ஒரு பாதையில் இது கண்கூடாகத் தெரியும். ஏறும்போது பதிந்த கோடும் அதே வழியில் இறங்கும்போது பதிந்த கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. நடுவே ஒரு சின்ன வீடு கட்டுகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். மழை பெய்து இலையெல்லாம் நனைந்திருந்தால் இன்னும் மோசம். தோப்பைத் தாண்டித் தேயிலைக்கு வந்ததும், சில்வர் ஓக் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால், இரண்டு கோடும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆகவே எந்தப் பாதையையும் ஒரு தடவை மட்டும் பதிந்து அனுப்புவதில்லை. போக ஒன்று, வர ஒன்று, முடிந்தால் வேறொரு நாளில் இன்னொன்று. அவற்றை ஒன்றன்மேல் ஒன்று போட்டு நடுவே போகிற கோட்டைத்தான் பாதை என்று எடுத்துக்கொள்கிறேன். இப்போது வருகிற கருவிகள் இரண்டு அலைவரிசைகளில் கேட்கின்றன. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ என்று மற்ற நாட்டுச் சாட்டிலைட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கின்றன, சிலவற்றில் நம் நாவிக்கும் உண்டு. பாறையில் மோதி வரும் சிக்னலை இரண்டாவது அலைவரிசை நன்றாகவே பிரித்துக் காட்டுகிறது. பழைய கருவியிலிருந்து மாறியவர்களுக்கு அந்தத் தோப்புக்குள் வித்தியாசம் தெரியும்.

பதிவைத் தொடங்கும் முறைக்கு வருகிறேன். கருவியை ஆன் செய்த உடனே பெடல் மிதிக்கக் கூடாது. ஒவ்வொரு சாட்டிலைட்டும் தான் எங்கே இருக்கிறேன் என்ற விவரத்தை 30 நொடிக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டே இருக்கும். அதை முழுசாகக் கேட்டால்தான் கருவி அந்தச் சாட்டிலைட்டைப் பயன்படுத்த முடியும். போனுக்கு இந்த விவரம் இன்டர்நெட்டில் வந்துவிடுகிறது. தனிக் கருவி வானத்திலிருந்தே கேட்டுக்கொள்ள வேண்டும். மரத்தடியில் ஆன் செய்து, நகர்ந்துகொண்டே இருந்தால் முதல் அரை கிலோமீட்டர் தாறுமாறாக இருக்கும். திறந்த மேட்டில் சில நிமிடம் நின்று, செயினுக்கு எண்ணெய் விட்டு, டயர் காற்றைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் போதும்.

அடுத்தது இடைவெளி. பல கருவிகளில் நினைவகத்தை மிச்சப்படுத்த, திசையோ வேகமோ மாறினால் மட்டும் புள்ளி வைக்கிற ஏற்பாடு இருக்கும். ரோட்டு சைக்கிளுக்கு அது சரி. மணிக்கு 20 கிலோமீட்டரில் இறங்கினால் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர் போகிறோம். ஐந்து நொடிக்கு ஒரு புள்ளி என்றால் புள்ளிக்குப் புள்ளி 28 மீட்டர். தேயிலைச் சரிவில் ஒரு கொண்டை ஊசி வளைவு முழுசாக அதற்குள் அடங்கிவிடும். கோடு வளைவைக் காட்டாமல் நேராகக் குறுக்கே பாயும். குறுக்கே பாய்கிற இடத்தில் என்ன இருக்கும் என்றால், ஆளுயரத்துக்குக் கல் அடுக்கிய மண் அணைச் சுவர் இருக்கும். ஆகவே ஒரு நொடிக்கு ஒரு புள்ளி, வேறு பேச்சே இல்லை. நினைவகம் இன்றைக்கு ஒரு பிரச்சினையே அல்ல.

கருவியை ஹேண்டில்பாரிலோ பையின் தோள்பட்டையிலோ வானம் பார்த்து வையுங்கள். பேண்ட் பாக்கெட்டில் போட்டால் உங்கள் உடம்பே பாதி சிக்னலைக் குடித்துவிடும். போனில் பதிகிறவர்கள், பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் பின்னணியில் ஓடுகிற செயலியை போனே நிறுத்திவிடாதபடி அமைப்பில் மாற்றிவைக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு ஸ்கேல் வைத்து இழுத்தது மாதிரி நேர்கோடு இருக்கும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பவர் பேங்க் ஒன்று கூட இருக்கட்டும். டீக்கடையில் நின்றால் பதிவை நிறுத்திவைக்கலாம்; ஆனால் திரும்பத் தொடங்க மறக்கிற ஆபத்து உண்டு என்பதால் நான் நிறுத்துவதில்லை. நிற்கும் இடத்தில் கருவி சும்மா அலைந்து நூல்கண்டுச் சிக்கு மாதிரி ஒன்றைப் போட்டு வைத்திருக்கும், அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

உயரக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துக்கு என்றே இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஜி.பி.எஸ். கருவி நேரடியாகக் கணக்கிடுவது கடல் மட்டத்திலிருந்து உயரத்தை அல்ல, பூமிக்குக் கணிதப்படி வரைந்த ஒரு வழவழப்பான நீள்கோளத்திலிருந்து உயரத்தை. உண்மையான கடல் மட்டம் ஈர்ப்பு விசையைப் பொறுத்து அந்தக் கோளத்துக்கு மேலேயும் கீழேயும் இருக்கும். உலகத்திலேயே அது மிக அதிகமாகத் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது: 106 மீட்டர் கீழே. அந்தப் பெரிய பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடு முழுக்க உட்கார்ந்திருக்கிறது. மெரினா மணலில் நின்றுகொண்டு, திருத்தம் செய்யாத ஒரு செயலியில் உயரம் பார்த்தால் மைனஸ் எண்பது, தொண்ணூறு என்று காட்டும். செயலி கெட்டுப்போகவில்லை, அது சொல்வது வேறு உயரம்.

தனிக் கருவிகள் இந்தத் திருத்தத்தை உள்ளுக்குள்ளேயே செய்துகொள்கின்றன. போன் செயலிகளில் சில செய்யும், சில செய்யாது. ஒரே பாதையின் மேல் பாதியை ஒருவர் போனிலும் கீழ்ப் பாதியை இன்னொருவர் கருவியிலும் பதிந்து, இரண்டையும் ஒட்டினால், ஒட்டிய இடத்தில் ஏறக்குறைய 90 மீட்டர் செங்குத்துப் பாறை முளைத்திருக்கும். அதைப் பார்த்து, இது நமக்கு ஆகாது என்று திரும்பிப் போகிறவர்களும் உண்டு. ஆகவே யாராவது ட்ராக் அனுப்பினால் நான் முதலில் பார்ப்பது, எனக்கு உயரம் தெரிந்த ஒரு இடம் அதில் என்னவாக இருக்கிறது என்பதை.

காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கிற சென்சார் இருந்தால் ஏற்ற இறக்கம் இன்னும் துல்லியமாகக் கிடைக்கும். கோத்தகிரி உயரத்தில் சுமார் பத்து மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு மில்லிபார் குறையும், அந்தச் சின்ன மாற்றத்தைக்கூட அது பிடித்துவிடும். ஆனால் வானிலை மாறினாலும் அழுத்தம் மாறும். அப்புறம் வெப்ப மண்டலத்துக்கே உரிய இன்னொரு விஷயம்: தெளிவான நாளிலும் காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் உச்சத்தில் இருந்து, மாலை நான்கு மணிக்குள் இரண்டு மூன்று மில்லிபார் இறங்கும். தினமும் இறங்கும், கடலில் ஓதம் வருகிற ஒழுங்கோடு. அதாவது காலையில் கிளம்பி மாலையில் அதே இடத்துக்கு வந்தால், சைக்கிள் இருபது முப்பது மீட்டர் மேலே நிற்பதாகக் கருவி சொல்லும். இதற்கு மருந்து, உயரம் தெரிந்த இடங்களில் நின்று சரிசெய்துகொள்வதுதான். இந்தியாவில் ரயில்வே இதற்கு ஒரு நல்ல உதவி செய்து வைத்திருக்கிறது. ஸ்டேஷன் பெயர்ப் பலகையிலேயே கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கும். குன்னூரிலிருந்து கிளம்புகிற நாட்களில் ஸ்டேஷன் பலகைக்குப் பக்கத்தில் நின்று கருவியில் அந்த எண்ணைப் போட்டுவிட்டுத்தான் ஏறுவது. மழையில் சென்சார் துளையைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் உயரம் குதிக்கும். ஊதிவிட்டால் சரியாகிவிடும்.

இத்தனை கவலை உயரத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். ட்ராக்கை வாங்குகிறவர் முதலில் பார்ப்பது தூரத்தையும் மொத்த ஏற்றத்தையும்தான். அதை வைத்துத்தான் எத்தனை மணிக்குக் கிளம்புவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முடிவு செய்கிறார். சிக்னல் நடுங்குகிற ஒவ்வொரு மீட்டரையும் ஏற்றம் என்று கூட்டினால் 600 மீட்டர் 900 ஆகிவிடும். மறுபக்கம், அளவுக்கு மேல் வழவழப்பாக்கினால் சின்னச் சின்ன ஏற்றங்கள் எல்லாம் கரைந்து, உள்ளதைவிடச் சுலபமான பாதையாகத் தெரியும். சில இணையதளங்கள் நம் உயரத்தைத் தள்ளிவிட்டு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்த உயரங்களைப் போடும். அடர்ந்த மரங்கள் இருக்கிற இடத்தில் அந்த ரேடார் பெரும்பாலும் பார்த்தது மரத்தின் உச்சியை, தரையை அல்ல. குறைவாகக் காட்டிய ஏற்றத்தை நம்பி மூன்று மணிக்குக் கிளம்பியவர் ஆறு மணிக்குத் தேயிலைக்குள் இருப்பார். அது காட்டுமாடுகள் மேய வெளியே வருகிற நேரம். கரடியும் அப்போதுதான் நடமாடும்.

கோடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதில் இல்லாதது ஒன்று உண்டு. இங்கே ஏன் இடது பக்கம் திரும்பினேன் என்று அது சொல்லாது. நேரே போகிற பாதை அகலமாக, அழகாக இருக்கும். இடது பக்கம் செடிக்குள் நுழைந்து போகும். கோடு இடது பக்கம் போகிறது என்று தெரிந்தும், ஐந்து மீட்டர் பிழையாக இருக்கும் என்று நினைத்து நேரே போய்விடுவார்கள். ஆகவே பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று ஒரு வேபாயிண்ட், அதாவது குறிப்போடு கூடிய தனிப் புள்ளி, வைத்து இரண்டு வரி எழுதுகிறேன். "நேரே போகாதே, பம்ப் ஷெட்டோடு முடிகிறது" என்கிற மாதிரி. தண்ணீர் எங்கே கிடைக்கும், எங்கே போன் சிக்னல் வரும், எந்த வளைவில் குறுக்குக் கால்வாய் வெட்டியிருக்கிறது, எந்த லைன் வீட்டு நாய்கள் துரத்தும், எங்கே குழந்தைகள் விளையாடுவார்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். என்னைக் கேட்டால் ட்ராக்கில் பாதி மதிப்பு இந்த வரிகளில்தான் இருக்கிறது.

இந்த வரிகளை எழுதுவதற்கு நின்று பேச வேண்டும். இலை பறித்துவிட்டு எடைக் கொட்டகையில் வரிசையில் நிற்கும் அக்காக்களைவிட அந்தப் பாதைகளைத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. ஒரு நவம்பர் மாதம், கீழ்க்கோத்தகிரிப் பக்கம், ஓடையை நோக்கி இறங்குகிற ஒரு பாதையைக் காட்டிக் கேட்டேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே ஒரு அக்கா சொன்னார்: "அதுலயா? தொட்டி வரைக்கும் போகலாம் தம்பி. அதுக்கு அந்தப் பக்கம் மழைக்கு மண்ணு போயிருச்சு. சைக்கிளைத் தூக்கிட்டுத்தான் வரணும்." எந்தத் தொட்டி என்று கேட்டேன். "பழைய மருந்துத் தொட்டி. மருந்து அடிக்கத் தண்ணி புடிப்பாங்கல்ல, அது. இப்ப செடி மூடிருக்கும். கல்லு மட்டும் தெரியும்." பிறகு நான் கேட்காமலே, "அஞ்சு மணிக்கு மேல அங்க நிக்காதீங்க. மூணு காட்டுமாடு சுத்துது, ஒண்ணுக்குக் கண்ணு இருக்கு" என்றார். கன்றோடு இருக்கிற காட்டுமாட்டை விடக் கோபக்காரப் பிராணி எங்கள் பக்கம் குறைவு. போய்ப் பார்த்தேன். செடிக்குள் பாசி பிடித்த கல் விளிம்பு, அப்படியே. அதற்கு இருபது அடி தள்ளிப் பாதை செங்குத்தாக அறுந்து, கீழே சிவப்பு மண். வேபாயிண்ட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மருந்துத் தொட்டி. இதற்கு அப்பால் மண் சரிவு, திரும்பவும். மாலையில் காட்டுமாடு. நவம்பர்."

அந்தக் கடைசிச் சொல் முக்கியம். எங்கள் மலையில் பாதைக்குத் தேதி உண்டு. தொட்டபெட்டா மலை மேற்கே நின்று தென்மேற்குப் பருவமழையை மறைப்பதால் கோத்தகிரிக்குப் பெருமழை வருவது வடகிழக்குப் பருவத்தில்தான். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து, ரோடும் ரயில் பாதையும் அறுந்து கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒற்றையடிப் பாதைகளில் சில போய்விடும், சில புதிதாக வரும். மழைக்கு முன் பதிந்த ட்ராக்கை மழைக்குப் பின் கொடுப்பதாக இருந்தால் மறுபடி போய்ப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்கிற வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜி.பி.எக்ஸ். ஃபைல் 2002இலிருந்து இருக்கிற வடிவம். சாதாரண எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சம், தீர்க்கம், உயரம், நேரம். கோத்தகிரி என்றால் 11.4, 76.8 என்று தொடங்கும். தசமத்துக்குப் பின் ஐந்தாவது இடம் என்பது சுமார் ஒரு மீட்டர். அதற்கு மேல் கருவி எழுதுகிற இலக்கங்களுக்கு அர்த்தம் கிடையாது. தெறித்துப் போன புள்ளிகளையும் நின்ற இடத்துச் சிக்கலையும் நீக்குகிறேன். வழி தேடிப் போய்த் திரும்பி வந்த கிளைகளை வெட்டுகிறேன். புள்ளிகளைக் குறைக்க வேண்டுமென்றால் மென்பொருள்களில் 1973லிருந்து வழக்கத்தில் உள்ள டக்ளஸ்–பாய்க்கர் முறை இருக்கும். கோடு எவ்வளவு விலகலாம் என்று கேட்கும். அதில் மூன்று மீட்டருக்கு மேல் கொடுத்தால் கொண்டை ஊசிகள் மழுங்க ஆரம்பிக்கும். என் வீட்டுப் பக்கத்துத் தொடக்கத்தையும் முடிவையும், கடிகார நேரத்தையும் எடுத்துவிடுவேன். மாதத்தையும் வருஷத்தையும் மட்டும் பெயரில் விட்டுவைப்பேன்.

இனி, கொடுக்காதவை. லாங்வுட் சோலைக்குள் போகிற எந்தக் கோட்டையும் நான் வைத்திருப்பதில்லை, பதிவதும் இல்லை. 116 ஹெக்டேர்தான் அந்தச் சோலை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024இல் சேர்ந்தது. சுற்று வட்டாரக் கிராமங்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. உள்ளே மண் மெத்தென்று இருக்கும். ஒரு மழைக்காலம் சைக்கிள் டயர் ஓடினால் போதும், சக்கரத் தடம் வாய்க்காலாகி மண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். ரிசர்வ் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. யாருக்கும் தகவல் இல்லாத பாதையில் ஆட்கள் இருந்தால் காப்பாற்றப் போகிறவர்களுக்கும் வழி தெரியாது. யானை வழித்தடத்தைக் குறுக்கே கடக்கிற பாதைகளும் அப்படித்தான். கல்லாறு பக்கம், குஞ்சப்பனைக்குக் கீழே எல்லாம் தாரை விட்டு இறங்காதீர்கள். நான் போன பாதையாக இருந்தாலும் கேட்காதீர்கள்.

தனியார் எஸ்டேட் பாதைகள் இன்னொரு வகை. மேனேஜரிடம் கேட்டு, மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு நான் போகிறேன் என்றால், அந்த அனுமதி எனக்குக் கிடைத்தது. என் ஃபைலை வாங்கி வருகிற பத்துப் பேருக்குக் கிடைத்தது அல்ல. மருந்து அடிக்கிற நாளில் உள்ளே போகவே கூடாது, அது எந்த நாள் என்று ஃபைலுக்குத் தெரியாது. இவற்றைக் கொடுக்கும்போது யாரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சேர்த்துக் கொடுக்கிறேன். கேட்பேன் என்று உறுதி சொன்னால்தான் கொடுக்கிறேன். வெலிங்டன் ராணுவ கன்டோன்மென்ட், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைப் பக்கம் பதிவையே நிறுத்திவிடுங்கள். ஓட்டப் பயிற்சிச் செயலி ஒன்றின் உலக வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்களாலேயே ராணுவ முகாம்கள் பளிச்சிட்டதை 2018இல் உலகமே பார்த்தது. இன்னொன்று: சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து சைக்கிளோடு வருகிற நண்பர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிக்னலைக் கேட்க மட்டும் செய்கிற ஜி.பி.எஸ். கருவிக்குப் பிரச்சினை இல்லை.

இதெல்லாம் போக மிச்சம் இருப்பது நிறையவே இருக்கிறது: பஞ்சாயத்து மண் ரோடுகள், ஹட்டி எனப்படும் தங்கள் ஊர்களுக்கு நடுவே படகர்கள் காலங்காலமாக நடக்கும் வழிகள், பஸ் வராத காலத்துக் குறுக்குப் பாதைகள். இவற்றை, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்துவருகிறேன். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபட விதிகளைத் தளர்த்திய பிறகு இதில் இருந்த தயக்கமும் போயிற்று. சேர்க்கும்போது தரையின் தன்மையையும், 0 முதல் 6 வரை உள்ள மலை சைக்கிள் கடினத் தரத்தையும் மறக்காமல் போடுங்கள். கெட்டியான மண்ணில் தடையில்லாமல் போனால் 0, சின்னக் கல்லும் வேரும் வந்தால் 1, படிக்கட்டும் பெரிய கல்லும் வந்தால் 2, நெருக்கமான கொண்டை ஊசிகளோடு அவை சேர்ந்தால் 3. நம் செம்மண் நனைந்தால் ஒரு தரம் ஏறிவிடும், அதைக் குறிப்பில் எழுதலாம்.

கீழ்க்கோத்தகிரிப் பக்கத்து ட்ராக்குகளை என்னிடம் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயரில் நவம்பருக்கு முந்தைய மாதம் இருந்தால் அதை அழித்துவிடுங்கள். தொட்டிக்கு மேற்புறமாக மண் ரோட்டோடு போய்ச் சேர்கிற மாற்றுப் பாதை ஒன்று இருக்கிறது. மழை ஓய்ந்து மண் இறுகியதும் ஜனவரியில் இரண்டு பக்கமும் ஓட்டிப் பதிந்து, புதிய ஃபைலை அனுப்புகிறேன். அதற்குள் அந்தப் பக்கம் போகிறவர்கள் எடைக் கொட்டகையில் கேட்டுவிட்டு, டிராக்டர் ரோட்டிலேயே போங்கள்.